க்வெரியை எந்த லேயரில் எழுதுவது: ஓர் ஆர்டர் பட்டியலும் சில நடைமுறைப் பாடங்களும்

மொத்த மளிகைக் கடைக்கான பில்லிங் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் ஸ்பிரிங் பூட், டேபிள் வரிகளை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தரும் ஹைபர்னேட், டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். அதில் ஆர்டர் பட்டியல் என்று ஒரு திரை. பக்கத்துக்கு 50 ஆர்டர். ஒவ்வொரு வரியிலும் கடைக்காரர் பெயர், மொத்தத் தொகை, இதுவரை வந்த பணம், பாக்கி. நிரலைத் திறந்து பார்த்தால் எல்லாம் பாடப்புத்தகம் மாதிரிதான் இருக்கும். ரெக்வெஸ்ட்டை வாங்கும் கன்ட்ரோலர், வணிக விதிகள் இருக்கும் சர்வீஸைக் கூப்பிடுகிறது, சர்வீஸ் டேட்டாபேஸோடு பேசும் ரெப்போசிட்டரியைக் கூப்பிடுகிறது, ரெப்போசிட்டரியில் ஒற்றை வரி. ஆனால் எஸ்க்யூஎல் லாகைத் திறந்துவிட்டு அந்தத் திரையை ஒரு முறை ஏற்றினால் 151 க்வெரி ஓடியிருக்கும். ஆர்டர்களை எடுக்க 1. ஐம்பதும் வெவ்வேறு கடைக்காரர்களுடையது என்றால் பெயருக்கு 50, பொருள் வரிகளுக்கு 50, பணவரவுக்கு 50.

அந்த 150-ஐ யாரும் எழுதவில்லை. என்டிட்டியை (டேபிளின் ஒரு வரிக்கான ஜாவா ஆப்ஜெக்ட்) ஜேசனாக மாற்றும் இடத்தில் ஒவ்வொரு கெட்டரும் கூப்பிடப்பட, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு டேட்டாபேஸைத் தட்டியிருக்கிறது. 'க்வெரியை எந்த லேயரில் எழுதுவது' என்று விவாதம் நடக்கும் பல இடங்களில் உண்மையில் க்வெரி ஓடுவது யாரும் எழுதாத லேயரில்தான். அதனால் முதல் வேலை, க்வெரிகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று பார்ப்பது.

ஸ்பிரிங் பூட்டில் ஓப்பன்-இன்-வியூ என்றொரு செட்டிங் உண்டு. சொல்லாமலே ஆன் ஆகியிருக்கும். ரெக்வெஸ்ட் முடியும்வரை ஹைபர்னேட் செஷனைத் திறந்தே வைத்திருப்பதுதான் அதன் வேலை. செயலி கிளம்பும்போது லாகில் ஓர் எச்சரிக்கை வரியும் வரும், யாரும் படிப்பதில்லை. புது ப்ராஜெக்ட் என்றால் முதல் நாளே ஆஃப் செய்துவிடுங்கள். பழையது என்றால் திரை திரையாகச் சரிசெய்துவிட்டுக் கடைசியில் ஆஃப் செய்யுங்கள். ஒரே மூச்சில் செய்தால் லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் (செஷன் மூடிய பிறகு, இன்னும் ஏற்றாத உறவைத் தொட்டால் வரும் பிழை) பத்து இடத்தில் கிளம்பும். அவசரத்தில் செய்யப்படும் திருத்தங்கள் நோயைவிட மோசமாக இருக்கும்.

அந்தத் திருத்தங்களில் முதலாவது, உறவை ஈகர் என்று மாற்றுவது, அதாவது தொடும்போது ஏற்றும் லேஸிக்குப் பதில் முன்கூட்டியே ஏற்றச் சொல்வது. அது இந்தத் திரைக்கு மட்டும் மாறவில்லை, அந்த என்டிட்டியைத் தொடும் எல்லா இடத்துக்கும் மாறிவிட்டது. அதோடு ஜேபிக்யூஎல்லில் (என்டிட்டிகளின் மேல் எழுதும் க்வெரி மொழி) க்வெரி எழுதும்போது ஈகர் என்பதற்காக ஹைபர்னேட் ஜாயின் போட்டுத் தராது; முதல் க்வெரியை அப்படியே ஓட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரிக்கும் தனி செலக்ட் போடும். பழைய 150 அப்படியே இருக்கும், நேரம்தான் முன்னால் நகர்ந்திருக்கும். மெனி-டு-ஒன் உறவு (பல ஆர்டருக்கு ஒரு கடைக்காரர் என்பதுபோல) ஹைபர்னேட் பின்பற்றும் ஜேபிஏ-வில் இயல்பாகவே ஈகர் என்பதால், ஒவ்வொன்றிலும் லேஸி என்று கையால் எழுதுவது நல்ல பழக்கம்.

இரண்டாவது திருத்தம், பொருள் வரிகளையும் பணவரவையும் ஒரே க்வெரியில் ஜாயின் ஃபெட்ச் செய்வது, அதாவது ஆர்டரோடு சேர்த்தே எடுப்பது. இரண்டும் லிஸ்ட்டாக இருந்தால் மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன் வரும். உடனே லிஸ்ட்டை செட் ஆக்கினால் எக்ஸெப்ஷன் மறைந்துவிடும், பெருக்கம் மறையாது. ஒரு ஆர்டரில் 10 பொருள், 3 தவணை என்றால் டேட்டாபேஸிலிருந்து வருவது 30 வரி. 50 ஆர்டருக்கு 1,500. இதன் மேல் பேஜிங்கும் போட்டால் இன்னொரு கூத்து. லிஸ்ட்டை ஜாயின் ஃபெட்ச் செய்த க்வெரியில் லிமிட்டை டேட்டாபேஸில் போட முடியாது என்பதால், ஹைபர்னேட் எல்லா ஆர்டரையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே 50-ஐ வெட்டிக் கொடுக்கும். லாகில் ஹெச்ஹெச்ஹெச்000104 என்று ஒரு எச்சரிக்கை. ஹைபர்னேட் 6-இல் அதே எச்சரிக்கை ஹெச்ஹெச்ஹெச்90003004. எச்சரிக்கைக்குப் பதில் எக்ஸெப்ஷனாகவே எறியச் சொல்லவும் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை ஆன் செய்து வைப்பது நல்லது, ஏனென்றால் 200 ஆர்டர் இருக்கும் டெவ் டேட்டாபேஸில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

இதற்கெல்லாம் வேர் ஒன்றுதான். ஆர்டர் என்டிட்டி என்பது ஆர்டரை மாற்றுவதற்காக வடித்த உரு. பட்டியல் திரைக்கு வேண்டியது ஆர்டர் அல்ல, ஆர்டரைப் பற்றிய நான்கு நெடுவரிசைகள். எழுதுவதற்கு ஒரு பாதை, படிப்பதற்கு வேறொரு பாதை என்று பிரித்துவிட்டால் 'எந்த லேயர்' என்ற கேள்வியில் பாதி தானாகத் தீரும். எழுதும் பாதை என்டிட்டி, ரெப்போசிட்டரி, சர்வீஸ் வழியாகப் போகட்டும். படிக்கும் பாதைக்கு டேட்டா லேயரிலேயே ஒரு தனி கிளாஸ், அதற்குள் நேரடி எஸ்க்யூஎல், வெளியே வருவது ஒரு ரெக்கார்டு. எஸ்க்யூஎல்லை நேராக ஓட்டும் ஸ்பிரிங்கின் ஜேடிபிசி டெம்ப்ளேட் போதும். எஸ்க்யூஎல்லை ஜாவா நிரலாக எழுத உதவும் ஜூக் இருந்தால் இன்னும் வசதி. ஜாவா 15-இலிருந்து டெக்ஸ்ட் பிளாக் நிலையான வசதியாகிவிட்டதால் 25 வரி எஸ்க்யூஎல்லை மேற்கோள் குறியும் கூட்டல் குறியும் இல்லாமல் அப்படியே ஒட்டலாம். அப்படியே காப்பி செய்து, போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் ஓட்டியும் பார்க்கலாம். இந்த வசதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நடு இரவில் எக்ஸ்பிளெயின் (க்வெரியை எப்படி ஓட்டுவாய் என்று டேட்டாபேஸிடம் கேட்பது) போட வேண்டி வரும்போது தெரியும் அதன் அருமை.

பட்டியல் க்வெரியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். பெரும்பாலோர் முதலில் எழுதுவது இது: ஆர்டரோடு பொருள் வரிகளை ஜாயின் செய், பணவரவையும் ஜாயின் செய், ஆர்டர் ஐடியால் குரூப் பை, இரண்டுக்கும் சம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஓர் ஆர்டரில் மூன்று பொருள், மொத்தம் 3,000 ரூபாய். கடைக்காரர் 500, 700 என்று இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறார். பாக்கி 1,800 வர வேண்டும். ஜாயினில் 3 × 2 = 6 வரி உருவாகும். பொருள் தொகை ஒவ்வொன்றும் இரண்டு முறை எண்ணப்பட்டு 6,000. பணவரவு மூன்று முறை எண்ணப்பட்டு 3,600. திரையில் பாக்கி 2,400. எந்தப் பிழைச் செய்தியும் வராது. டெஸ்ட் டேட்டாவில் ஒரு பொருள், ஒரு தவணை மட்டும் இருந்தால் 1 × 1 = 1, டெஸ்ட் பச்சையாக ஓடும். வேகம் குறைந்தால் யாராவது புகார் சொல்வார்கள். கணக்கு தப்பினால் அது கணக்குப்பிள்ளையின் நோட்டில் போய்த்தான் வெளிப்படும்.

திருத்தம் இப்படி. உள்ளே ஒரு சிடிஇ-யில் (க்வெரிக்குள் பெயர் வைத்து எழுதும் துணைக் க்வெரி) இந்தப் பக்கத்துக்கான 50 ஆர்டர் ஐடியை மட்டும் வரிசைப்படி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐம்பதோடு லெஃப்ட் ஜாயின் லேட்டரல் (ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஓடும் துணைக் க்வெரியோடு ஜாயின்) வழியாக ஒரு துணைக் க்வெரி பொருள் வரிகளைக் கூட்டட்டும், இன்னொன்று பணவரவைக் கூட்டட்டும். ஒவ்வொரு துணைக் க்வெரியும் ஓர் ஆர்டருக்கு ஒரே வரி தருவதால் பெருக்கத்துக்கு இடமே இல்லை. ஐடிகளை முதலில் எடுக்காமல் பணவரவு டேபிள் முழுவதையும் குரூப் பை செய்து ஜாயின் போட்டாலும் விடை சரியாக வரும்; ஆனால் 50 வரிக்காக மொத்த டேபிளையும் கூட்ட வேண்டிய நிலை வரலாம். பணமே கட்டாத ஆர்டருக்குக் கூட்டுத்தொகை நல் (NULL, மதிப்பே இல்லை) ஆக வரும், அதை கோலெஸ் (COALESCE) போட்டு 0 ஆக்காவிட்டால் பாக்கியும் நல் ஆகிவிடும். சாதாரண லெஃப்ட் ஜாயின் எழுதும்போது இன்னொரு வழுக்கல் உண்டு: 'ரத்தாகாத பணவரவு மட்டும்' என்ற நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் வைத்தால் லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல் இன்னர் ஜாயின் ஆகி, பணம் கட்டாத ஆர்டர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். அந்த நிபந்தனை ஆன் (ON) பகுதியிலோ துணைக் க்வெரிக்குள்ளோ இருக்க வேண்டும்.

இந்த அமைப்பு வேகமாக ஓட, பொருள் வரி டேபிளிலும் பணவரவு டேபிளிலும் ஆர்டர் ஐடி மேல் இண்டெக்ஸ் வேண்டும். ஃபாரின் கீ போட்டால் இண்டெக்ஸும் வந்துவிடும் என்று மைஎஸ்க்யூஎல்லில் பழகியவர்கள் நினைப்பார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி எஞ்சின் போடும். போஸ்ட்கிரெஸ் போடாது, நாம்தான் போட வேண்டும்.

சர்வீஸில் போடும் ஜாயின்

ரெப்போசிட்டரி டேபிளுக்கு ஒன்று, அதில் ஜாயினே கூடாது என்று சில அணிகளில் விதி வைத்திருப்பார்கள். விளைவு, ஜாயின் சர்வீஸுக்கு இடம் பெயரும். முதல் ரெப்போசிட்டரியிலிருந்து பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்களின் ஐடிகளை எடுப்பது, அதை இன் (IN) பட்டியலாக அடுத்த ரெப்போசிட்டரிக்குக் கொடுப்பது, வந்ததை ஹேஷ்மேப்பில் போட்டு ஒட்டுவது. சிறிய, எல்லை தெரிந்த பட்டியலுக்கு இது மோசமில்லை. சொல்லப்போனால் மேலே சொன்ன பெருக்கப் பிரச்சினையைத் தவிர்க்க நல்ல வழியும்கூட. 50 ஐடி இருக்கும் பக்கத்துக்கு இரண்டாவது, மூன்றாவது க்வெரி இன் பட்டியலோடு ஓடினால் மொத்தமே மூன்றோ நான்கோதான். எல்லை தெரியாத பட்டியலில்தான் வம்பு. ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் இன் பட்டியலுக்கு 1,000 என்று ஒரு வரம்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு க்வெரிக்கு 2,100 பராமீட்டர். போஸ்ட்கிரெஸ் புரோட்டோகாலில் 65,535. முதல் வருடம் 300 கடைக்காரர்களோடு ஓடிய நிரல் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு நாள் நின்றுபோவது இந்த வரம்பில்தான். போஸ்ட்கிரெஸில் இன் என்பதற்குப் பதில் எனி (ANY) எழுதி முழுப் பட்டியலையும் ஒரே அரே பராமீட்டராகக் கொடுக்கலாம். ஆனால் பட்டியல் அவ்வளவு நீளமாகிறது என்றால், அது டேட்டாபேஸுக்குள் நடக்க வேண்டிய ஜாயின் என்றே அர்த்தம்.

எதை வடிகட்டுவது, எதை கூட்டுவது, எதை பூட்டுவது: இந்த மூன்றும் தரவு இருக்கும் இடத்தில் நடக்கட்டும். எதற்காக, யாருக்காக, எந்த நாளுக்கு என்ற முடிவு சர்வீஸுடையது. 'இன்றைய ஆர்டர்கள்' இதற்கு நல்ல உதாரணம். ரெப்போசிட்டரிக்குள் கரன்ட் டேட் எழுதிவிட்டால், டேட்டாபேஸ் செஷன் எந்த டைம்ஸோனில் இருக்கிறதோ அதன் 'இன்று' வரும். யூடிசி-யில் இருந்தால், நம் நேரப்படி நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் நடுவே போட்ட ஆர்டர் நேற்றைய கணக்கில் விழும். அதிகாலை நான்கு மணிக்கே சுறுசுறுப்பாகும் மார்க்கெட் கடைக்கு இது சின்ன விஷயமில்லை. 'இன்று' எது என்பதை சர்வீஸ் கொல்கத்தா டைம்ஸோனில் கணக்கிட்டு, தொடக்கம், முடிவு என இரண்டு நேரங்களைக் கொடுக்கட்டும். க்வெரி 'தொடக்கத்துக்குச் சமம் அல்லது அதற்குப் பின், முடிவுக்கு முன்' என்று மட்டும் கேட்கட்டும். பிட்வீன் போட்டு 23:59:59 என்று முடித்தால் அந்தக் கடைசி நொடியின் பின்னங்கள் விடுபடும். நெடுவரிசையின் மேல் டேட் ஃபங்ஷனைச் சுற்றினால் அந்த நெடுவரிசையின் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. ஒரே மாற்றத்தில் மூன்று தொல்லையும் போய்விடும். டெஸ்ட்டிலும் நேரத்தை நாமே கொடுக்கலாம்.

எழுதும் பாதை: இருப்பைக் குறைப்பது

சரக்கு இருப்பு 5. இரண்டு விற்பனையாளர்கள் ஒரே நேரத்தில் தலா 3 மூட்டைக்கு ஆர்டர் போடுகிறார்கள். சர்வீஸ் பொருளை எடுக்கிறது, இருப்பு போதுமா என்று இஃப் போட்டுப் பார்க்கிறது, கழிக்கிறது, சேவ். இருவரும் 5 என்று படித்தார்கள், இருவரும் 2 என்று எழுதினார்கள். 6 மூட்டை விற்றாகிவிட்டது, இருப்பு 2. மெத்தடின் மேல் டிரான்சாக்‌ஷனல் போட்டிருக்கிறோமே என்று கேட்கலாம். போஸ்ட்கிரெஸின் இயல்பான ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடுபவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அளவு) ரீட் கமிட்டெட். அது இதைத் தடுக்காது.

தடுப்பது ஒரே ஒரு அப்டேட். செட் பகுதியில் இருப்பு = இருப்பு − 3; வேர் பகுதியில் பொருள் ஐடியும், இருப்பு >= 3 என்ற நிபந்தனையும். இரண்டாவது ஆள் முதல் ஆளின் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை காத்திருந்து, புதிய மதிப்பான 2-ஐ வைத்து நிபந்தனையை மறுபடி சோதிப்பார். பாதிக்கப்பட்ட வரி 1 என்றால் கழித்தாயிற்று. 0 என்றால் சரக்கு இல்லை. வணிக விதி எஸ்க்யூஎல்லுக்குள் புகுந்துவிட்டது, அது சர்வீஸில்தானே இருக்க வேண்டும் என்று சுத்தக்காரர்கள் மல்லுக்கட்டுவார்கள். புகட்டும். விதியைப் பார்ப்பதும் மதிப்பை மாற்றுவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய இடத்தில் லேயர் சுத்தம் பார்ப்பது, பூட்டு வீட்டில் இருக்க சாவியோடு தெருவில் நிற்பதற்குச் சமம். ரெப்போசிட்டரி மெத்தடின் பெயரிலேயே 'இருந்தால் குறை' என்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, 0 வந்தால் ஆர்டரை நிராகரிப்பதா, பேக் ஆர்டர் போடுவதா என்ற முடிவை சர்வீஸிடம் விடுங்கள். டேபிளில் இருப்பு >= 0 என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் இருக்கட்டும். எந்தப் பக்கத்திலிருந்து யார் தப்பாக எழுதினாலும் கடைசிக் கதவு அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்பிரிங் டேட்டாவில் மாடிஃபையிங் என்று குறித்து எழுதும் அப்டேட், செஷனில் ஏற்கெனவே ஏறியிருக்கும் என்டிட்டிக்குத் தெரியாது. அதே டிரான்சாக்‌ஷனில் அந்தப் பொருளை மறுபடி எடுத்தால் பழைய 5-தான் வரும். போதாக்குறைக்கு அந்த என்டிட்டியில் வேறு ஏதாவது மாற்றினால், இருப்பு நெடுவரிசையும் பழைய மதிப்போடு சேர்ந்தே திரும்ப எழுதப்படும். மாடிஃபையிங்கில் ஃப்ளஷ், கிளியர் இரண்டு விருப்பங்களையும் ஆன் செய்யுங்கள். அடுத்து, ஒரு ஆர்டரில் பல பொருள் இருந்தால் எப்போதும் பொருள் ஐடி வரிசையில் குறையுங்கள். ஒருவர் அரிசி, பருப்பு என்றும் மற்றவர் பருப்பு, அரிசி என்றும் போனால் டெட்லாக். போஸ்ட்கிரெஸ் 1 நொடி காத்திருந்து சோதித்து, ஒருவரை 40பி01 பிழையோடு வெளியே தள்ளும்.

'இந்த ஜிஎஸ்டி எண் ஏற்கெனவே இருக்கிறதா' என்று எக்ஸிஸ்ட்ஸ் பார்த்துவிட்டு இன்சர்ட் செய்வதும் இதே இனம். யூனிக் இண்டெக்ஸ் இல்லாமல் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. இண்டெக்ஸ் போட்டுவிட்டு எக்ஸெப்ஷனைப் பிடித்துச் சமாளிக்கலாம் என்றால், போஸ்ட்கிரெஸில் பிழை வந்த டிரான்சாக்‌ஷன் மொத்தமும் செத்துவிடும். அடுத்து எந்த க்வெரி போட்டாலும் டிரான்சாக்‌ஷன் அபார்ட் ஆகிவிட்டது என்றே பதில் வரும். அதே டிரான்சாக்‌ஷனில் தொடர வேண்டுமானால் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போட்டு, வரி எண்ணிக்கையைப் பாருங்கள். 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

டிரான்சாக்‌ஷனின் எல்லை சர்வீஸ் மெத்தட். கன்ட்ரோலரில் வைத்தால் தேவையில்லாமல் நீளும். ரெப்போசிட்டரியில் மட்டும் வைத்தால் ஆர்டர் சேவ் ஆகி, இருப்பு குறையாமல் போகும். நடைமுறையில் மிக அடிக்கடி தவறுவது அந்த எல்லைக்குள் என்ன நடக்கிறது என்பதில். பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடும் வரியை டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருப்பார்கள். டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் தயாராக வைத்திருக்கும் ஹிகாரி பூலில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 கனெக்‌ஷன். கேட்வே பதில் சொல்ல 2 நொடி எடுத்தால், ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் ஒரு கனெக்‌ஷனை 2 நொடி பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். 10 ÷ 2 = 5. நொடிக்கு ஐந்து ஆர்டருக்கு மேல் அந்தச் செயலியால் முடியாது, டேட்டாபேஸ் சிபியூ 3 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும். ஆறாவது வந்தால் வரிசை நீளும்; 30 நொடி காத்திருந்தும் கனெக்‌ஷன் கிடைக்காதவர்களுக்கு டைம்அவுட். பூலை 100 ஆக்குவது தீர்வல்ல, போஸ்ட்கிரெஸின் இயல்பான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸே 100-தான். ஆர்டரை 'பணம் எதிர்பார்க்கப்படுகிறது' என்ற நிலையில் சேவ் செய்து கமிட். வெளியே வந்து கேட்வேயைக் கூப்பிடு. பதிலோடு இன்னொரு சிறு டிரான்சாக்‌ஷனில் நிலையை மாற்று. நடுவில் செயலி விழுந்தால் அந்த நிலையிலேயே நிற்கும் ஆர்டர்களைத் தேடி கேட்வேயிடம் விசாரிக்க ஒரு ஷெட்யூல்டு வேலையும் தேவைப்படும். பிரிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேராகக் கூப்பிட்டால் ஸ்பிரிங்கின் பிராக்ஸி (மெத்தடைச் சுற்றி நின்று டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் இடையாள்) வழியாகப் போகாது, டிரான்சாக்‌ஷனல் குறிப்பு வேலை செய்யாது. தனி கிளாஸில் வையுங்கள், அல்லது டிரான்சாக்‌ஷன் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துங்கள்.

தேடல் திரை

பெயர், ஊர், தேதி, நிலை, தொகை என்று ஐந்து பெட்டி. எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், விடலாம். மெத்தட் பெயரை வைத்தே க்வெரி உருவாக்கும் ஸ்பிரிங் டேட்டா வசதி இரண்டு நிபந்தனைவரை அழகு. அதற்கு மேல் போனால் மெத்தட் பெயர் ரயில் பெட்டி மாதிரி நீளும். உள்ளே என்ன ஜாயின் போடுகிறது என்று பெயரைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அங்கே அட் க்வெரி (@Query) போட்டு எழுதிவிட்டு, மெத்தடுக்கு 'பாக்கியுள்ள ஆர்டர்கள்' என்று கேள்வியின் பெயரை வையுங்கள்.

விருப்ப நிபந்தனைகளுக்குப் பலர் கையாளும் குறுக்குவழி, 'பராமீட்டர் நல் என்றால் விடு, இல்லையென்றால் ஒப்பிடு' என்பதை ஆர் (OR) போட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதிவிடுவது. க்வெரி ஒன்றே, நிரலும் குட்டி. ஆனால் போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் ஐந்தாவது முறையிலிருந்து அந்த க்வெரியைச் சர்வர் பக்கத்தில் பிரிப்பேர் செய்து வைக்கும். சர்வரும் முதல் ஐந்து முறை மதிப்புகளைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டு, பிறகு பொதுத் திட்டம் ஒன்றைப் பரிசீலிக்கும். பொதுத் திட்டத்தில் எந்தப் பெட்டி நல் என்று தெரியாது, அதனால் இண்டெக்ஸை நம்பி இறங்க முடியாது. 'முதலில் வேகமாக வந்தது, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகிவிட்டது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது' என்ற புகார் வந்தால் சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. நிரப்பிய பெட்டிக்கு மட்டும் நிபந்தனையைச் சேருங்கள். ஸ்பெசிஃபிகேஷன், ஜூக், வெறும் ஸ்ட்ரிங் பில்டரும் பராமீட்டர் லிஸ்ட்டும், எதுவானாலும் சரி. ஸ்ட்ரிங்கை ஒட்டுவது ஆபத்தில்லை, பயனர் தந்த மதிப்பை ஒட்டுவதுதான் ஆபத்து. மதிப்பு எப்போதும் பராமீட்டராகவே போக வேண்டும்.

ஒரே விதிவிலக்கு, எந்த நெடுவரிசையில் வரிசைப்படுத்துவது என்பது. நெடுவரிசைப் பெயரைப் பராமீட்டராகக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது வெறும் மாறிலிதான், வரிசை மாறாது. திரையிலிருந்து 'தேதி', 'தொகை' என்று சாவிச்சொல் வரட்டும். நிரலில் இருக்கும் மேப் அதை உண்மையான நெடுவரிசையாக மாற்றட்டும். மேப்பில் இல்லாதது எதுவும் எஸ்க்யூஎல்லைத் தொடக் கூடாது.

பேஜிங்கில் ஆஃப்செட் 1,00,000 என்றால் டேட்டாபேஸ் ஒரு லட்சம் வரியைக் கடந்து தூக்கிப் போட்டுவிட்டுத்தான் 50-ஐத் தரும். கடைசி வரியின் தேதி, ஐடி இரண்டையும் நினைவில் வைத்து, 'இந்த ஜோடியைவிடச் சிறியவை, இறங்கு வரிசையில் 50' என்று கேட்டால் எந்தப் பக்கமும் ஒரே வேகம். ஐடியைச் சேர்க்க மறந்தால் ஒரே நேரத்தில் பதிவான இரண்டு ஆர்டரில் ஒன்று பக்கங்களுக்கு நடுவே விழுந்துவிடும். மொத்த எண்ணிக்கை திரையில் தேவையில்லை என்றால் பேஜ் என்பதற்குப் பதில் ஸ்லைஸ் வாங்குங்கள். பேஜ் ஒவ்வொரு முறையும் கவுன்ட் க்வெரியையும் ஓட்டும். ஸ்லைஸ் ஒரு வரி கூடுதலாக எடுத்து, அடுத்த பக்கம் உண்டா என்று மட்டும் சொல்லும்.

ஸ்டோர்டு புரொசீஜர் பற்றி இரண்டு வார்த்தை. மாத இறுதியில் லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டிச் சுருக்க அட்டவணையில் போடும் வேலைக்கு, தரவை ஜாவாவுக்கு இழுத்துத் திருப்பி அனுப்புவது வீண் சுமை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் புரொசீஜர்கூட வேண்டாம், ஒரு இன்சர்ட் செலக்ட் போதும். புரொசீஜர் எழுதினால் அது, டேட்டாபேஸ் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் ஃப்ளைவே மாதிரி கருவியின் மைக்ரேஷன் கோப்பில், கிட்டில் இருக்க வேண்டும்; யாரோ ஒருவர் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருக்கும் டிபீவர் ஜன்னலிலிருந்து நேராக புரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாது. டிரிகரை வரலாற்றுப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே என் கட்சி. அப்படியில்லாமல் ஜாவாவிலிருந்தே ஆயிரக்கணக்கில் இன்சர்ட் செய்ய வேண்டியிருந்தால், ஐடி உத்தி ஐடென்டிட்டியாக (இன்சர்ட்டின்போது டேட்டாபேஸே ஐடி தருவது) இருக்கும்வரை ஹைபர்னேட் அவற்றை பேட்ச் செய்யாது, அதாவது மொத்தமாகச் சேர்த்து அனுப்பாது. சீக்வென்ஸுக்கு மாறி, பேட்ச் சைஸையும் குறிப்பிட வேண்டும்.

எப்படிச் சோதிப்பது

க்வெரியைச் சோதிக்க ரெப்போசிட்டரியை மாக் செய்வதில் (போலி ஒன்றை வைப்பதில்) பயன் இல்லை. மாக் ஒருபோதும் தப்பான ஜாயின் போடாது. டெஸ்ட்டுக்குப் பலர் வைக்கும் ஹெச்2 என்ற சிறு டேட்டாபேஸ் பாதிக் கிணறு: லேட்டரல், ஆன் கான்ஃப்ளிக்ட், பூட்டு நடத்தை எல்லாம் அங்கே வேறு மாதிரி, அல்லது இல்லவே இல்லை. நிஜ டேட்டாபேஸைக் கன்டெய்னரில் ஏற்றித் தரும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வழியாக புரொடக்‌ஷனில் இருக்கும் அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பை ஏற்றுங்கள். டெஸ்ட் டேட்டாவில் குறைந்தபட்சம் மூன்று வகை ஆர்டர் இருக்கட்டும்: பணமே வராதது, ஒரு தவணை வந்தது, மூன்று பொருளும் இரண்டு தவணையும் உள்ளது. மேலே சொன்ன 2,400 பிழையை மூன்றாவது பிடிக்கும், காணாமல் போகும் ஆர்டரை முதலாவது பிடிக்கும்.

க்வெரி எண்ணிக்கையையும் டெஸ்ட்டில் வைக்கலாம். ஹைபர்னேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஆன் செய்து, பிரிப்பேர் ஸ்டேட்மென்ட் எண்ணிக்கையை முன்னும் பின்னும் எடுத்து, 5 ஆர்டருக்கும் 20 ஆர்டருக்கும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் வெவ்வேறு கடைக்காரர் இருப்பது முக்கியம்; ஒரே கடைக்காரர் என்றால் செஷனிலிருந்தே கிடைத்துவிடும், என்+1 (பட்டியலுக்கு ஒரு க்வெரி, பிறகு வரிக்கு ஒன்று என்ற அந்த நோய்) ஒளிந்துகொள்ளும். ஜாங்கோக்காரர்களுக்கு இது அசெர்ட் நம் க்வெரீஸ் என்று கையிலேயே இருக்கிறது, ரெயில்ஸ் 6.1-இலிருந்து ஸ்ட்ரிக்ட் லோடிங். லாராவெலில் பிரிவென்ட் லேஸி லோடிங். பெயர்தான் வேறு, வியாதி ஒன்று.

புரொடக்‌ஷனில் மெதுவான க்வெரி லாகை மட்டும் நம்பியிருந்தால் ஆர்டர் பட்டியலின் அந்த 151 அதில் சிக்கவே சிக்காது. 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஓடுவதை எழுது என்று வைத்திருப்போம்; இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்டில் முடிந்திருக்கும். ஒவ்வொரு க்வெரியும் எத்தனை முறை ஓடியது என்று எண்ணி வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். ஷேர்டு பிரீலோட் லைப்ரரிஸில் பெயரைப் போட்டு டேட்டாபேஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதனால் இரவு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் சராசரி நேரத்தால் வரிசைப்படுத்துவதற்கு முன் கால்ஸ் நெடுவரிசையால் வரிசைப்படுத்திப் பாருங்கள். கடைக்காரரை ஐடியால் எடுக்கும் ஒரு அப்பாவி க்வெரி, ஆர்டர் பட்டியலைவிட ஐம்பது மடங்கு அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால், எந்த கெட்டரைத் தேட வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.